மண்ணுக்கடியில் மின்கேபிள்: குழாயைத் தெரிவதும் பதிப்பதும்



சென்ற மாதம் எங்கள் புதன்கிழமை நிகழ்ச்சிக்கு வந்த அழைப்புகளில் பல ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு நேயர் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்காகப் பின்வளவில் கிரானி ஃபிளற் கட்டுகிறார். இன்னொருவர் மின்சாரக் கார் வாங்கிவிட்டார், ஆனால் கராஜ் வீட்டிலிருந்து தள்ளி நிற்கிறது. ஓர் அம்மாவுக்குப் பின்வளவுக் கொட்டகையில் தையல் இயந்திரத்துக்கும் வெளிச்சத்துக்கும் மின்சாரம் வேண்டும். எல்லோரும் கேட்டது இதுதான்: "அண்ணை, மின்சாரத்தை மண்ணுக்கடியால் கொண்டுபோக என்ன பைப் போடவேணும்? எலெக்ரீசியன் சொல்லுற விலை நியாயமோ?"

பதினைந்து நிமிடத்தில் வானொலியில் சொன்னது போதாது, எழுதித் தாருங்கள் என்று பலர் கேட்டதால் அதையே இங்கு விரித்து எழுதுகிறேன். நான் வர்த்தகப் பட்டதாரி, தொழிலால் கணக்காளன். மின்சாரம் என் துறையல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூக மண்டபத்தின் பொருளாளராக இருந்தபோது, பின்பக்கக் கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுபோக மூன்று விலைமனுக்கள் என் மேசைக்கு வந்தன. மூன்றுக்கும் இடையில் பெரிய வித்தியாசம். காரணம் தெரியாமல் கையொப்பமிட மனம் வரவில்லை. ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டேன். பின்னர் உரிமம் பெற்ற இரண்டு எலெக்ரீசியன்கள் எங்கள் நிகழ்ச்சிக்கும் வந்து நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அப்படிக் கற்றதைத்தான் சொல்கிறேன். எண்கள் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொதுவான ஏஎஸ்/என்இசட்எஸ் 3000 என்ற மின்வயரிங் விதிநூலின் 2018 பதிப்பை ஒட்டியவை. சட்ட நடைமுறை நாங்கள் வாழும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குரியது.

கேட்டுக் கற்றதில் முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்கடியில் போடும் குழாய் இன்று நமக்கு வெளிச்சம் தருவதற்காக மட்டும் போடுவதல்ல. 20, 30 ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் அலவாங்கு போடப்போகிறவர், நம்மை முன்பின் அறியாதவர், உயிரோடு வீடு திரும்புவதற்காகவும் போடுவது. இதை மனதில் வைத்தால் மற்ற விதிகளின் காரணம் தானாக விளங்கும்.

ஏன் குழாய்?

ஊரில் கிணற்று மோட்டருக்கு மின்சாரம் வேண்டுமென்றால் வீட்டுக் கூரையிலிருந்து கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து மோட்டர் கொட்டிலுக்கு என்று மேலால் வயர் இழுத்துப் பழகியவர்கள் நாம். மேலே போகும் வயர் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் போன வயர் மறைந்துவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

1882 செப்ரெம்பர் 4ஆம் திகதி நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் தோமஸ் எடிசன் தன் மின்நிலையத்தை இயக்கிவைத்தபோது வயர்கள் வீதிக்கு அடியிலேயே போயின. இரும்புக் குழாய்க்குள் செப்புக் கம்பிகளை வைத்து, இடைவெளியைத் தார் போன்ற காப்புப் பொருளால் நிரப்பி, 20 அடித் துண்டுகளாகக் கொண்டுவந்து வீதியில் பொருத்தினார்கள். அதில் குழாயும் கம்பியும் ஒன்றே. ஓரிடத்தில் பழுது வந்தால் வீதியைத் திரும்பவும் தோண்டவேண்டும். பின்வந்தவர்கள் வேறுவிதமாக யோசித்தார்கள். முதலில் வெறுங்குழாயைப் பதித்துவிடுவது, கேபிளைப் பிறகு உள்ளே இழுப்பது. கேபிள் பழுதானால் அதை உருவிவிட்டு வேறொன்றை இழுக்கலாம், மண்ணைத் தொடத் தேவையில்லை. சுட்ட களிமண் குழாய்களில் தொடங்கிய அந்த முறையே இன்று நம் வளவுக்குள் பி.வி.சி. குழாயாக வருகிறது.

ஆகவே குழாயால் இரண்டு பயன். மண்வெட்டியிலிருந்து கேபிளைக் காக்கிறது. கேபிளை மாற்றவோ பெரிதாக்கவோ வழி வைக்கிறது. குழாயில்லாமல் கேபிளை நேரே மண்ணில் புதைக்கவும் விதிநூல் இடம் தருகிறது. ஆனால் அதற்குக் கவசமிட்ட கேபிள் வேண்டும், அல்லது கேபிளுக்கு மேலே சீமெந்துப் பலகை, அதற்கென்றே செய்த பிளாஸ்டிக் மூடிப்பட்டி போன்ற ஒரு காப்பு வேண்டும். வீட்டு வேலைக்குக் குழாய்தான் பெரும்பாலும் இலகுவானது.

யார் செய்யலாம்?

"எனக்கு வயரிங் தெரியும், ஊரில் நானே செய்தேன்" என்று சொல்லும் அண்ணன்மார் நம்மிடையே பலர். அவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவுஸ்திரேலியாவில் நிலையான மின்வயரிங் வேலையை உரிமம் பெற்ற எலெக்ரீசியன் மட்டுமே செய்யலாம். சொந்த வீடென்றாலும் விலக்கில்லை. வேலை முடிந்ததும் அவர் மின்வேலை இணக்கச் சான்றிதழைத் தரவேண்டும். விக்ரோறியா மாநிலத்தில் அதற்கு மின்பாதுகாப்புச் சான்றிதழ் என்று பெயர். அதை வீட்டு உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போதும் காப்புறுதிக் கோரிக்கை போடும்போதும் அதைக் கேட்கும் நாள் வரலாம்.

நாம் செய்யக்கூடியது மண்வேலை. எலெக்ரீசியனோடு முதலே பேசி, அவர் காட்டும் பாதையில் அவர் சொல்லும் ஆழத்துக்குக் கானை நாமே வெட்டிக் கொடுத்தால் செலவு கணிசமாகக் குறையும். ஆனால் குழாய் பதித்ததை அவர் பார்த்துச் சரி சொல்லும்வரை ஒரு கூடை மண்ணும் போடக்கூடாது. மூடிய கானை அவர் பார்க்காமல் சான்றிதழ் தருவாரென்றால் அந்தச் சான்றிதழுக்கு என்ன பெறுமதி?

தோண்டுவதற்கு முன்

1100 என்ற இலக்கத்தை எழுதி வையுங்கள். "பிஃபோர் யூ டிக் அவுஸ்திரேலியா" என்ற சேவை அது. 2022க்கு முன் "டயல் பிஃபோர் யூ டிக்" என்று அறியப்பட்டது. உங்கள் முகவரியையும் எங்கே தோண்டப் போகிறீர்கள் என்பதையும் கொடுத்தால், அந்த இடத்தில் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உள்ள நிலக்கீழ் இணைப்புகளின் வரைபடங்களை அந்தந்த நிறுவனங்கள் அனுப்பும். கட்டணம் இல்லை. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் போகும் பாதைக்கு சிட்னி வோட்டரிடம் தனியாக வரைபடம் பெறலாம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த வரைபடங்கள் நிறுவனங்களின் சொத்தை மட்டுமே காட்டும். மின்மானியைத் தாண்டி உங்கள் வளவுக்குள் நீங்களோ, முன்னைய சொந்தக்காரரோ போட்ட கேபிள் எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் இருக்காது.

எங்கள் நேயர் ஒருவர் வாங்கிய பழைய வீட்டில் இதுதான் நடந்தது. வேலி போட வந்தவர் கம்பத்துக்குக் குழி தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் பெரிய சத்தத்தோடு தீப்பொறி. முன்பு இருந்த யாரோ கராஜுக்குக் கேபிளைக் குழாயில்லாமல், அடையாள நாடா இல்லாமல், புல்லுக்குச் சற்றுக் கீழே புதைத்து விட்டிருந்தார்கள். மண்வெட்டியின் பிடி மரமாக இருந்தது அந்த மனிதரின் நல்ல காலம். 1100க்கு அழைத்திருந்தாலும் அந்தக் கேபிளை யாரும் காட்டியிருக்க முடியாது. பழைய வீடென்றால் கேபிள் தேடும் கருவியோடு வரும் தொழிலாளரைக் கொண்டு முதலில் பார்ப்பது நல்லது. சந்தேகமான இடத்தில் இயந்திரத்தை விட்டுக் கையால் மெதுவாகத் தோண்டுங்கள். சாம்பல் நிறப் பழைய நார்ச்சீமெந்துக் குழாய் தென்பட்டால் அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். உடைக்காமல் நிறுத்தி, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

"எங்கள் வீட்டில் சேஃப்ரி சுவிச் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று ஒருவர் கேட்டார். சேஃப்ரி சுவிச் வீட்டுக்குள் செருகிகளுக்கும் விளக்குகளுக்கும் போகும் சுற்றுகளைக் காக்கிறது. பிரதான பெட்டியிலிருந்து பின்வீட்டுப் பெட்டிக்குப் போகும் தடித்த கேபிளுக்கு அது பெரும்பாலும் இருப்பதில்லை. விதிநூலும் அங்கு அதைக் கட்டாயப்படுத்தவில்லை. எனவே மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கேபிளுக்கு முதற் காவல் குழாயும் ஆழமும்தான்.

நிறமும் தரமும்

இந்த நாட்டில் நிலக்கீழ் மின்சாரக் குழாயின் நிறம் செம்மஞ்சள். கடையில் அதன் அருகிலேயே சாம்பல் நிறக் குழாயும் இருக்கும், விலையும் குறைவு. அது சுவரிலும் கூரைக்குள்ளும் போடுவதற்கான மெல்லிய குழாய். மண்ணுக்குத் தேவை "ஹெவி டியூற்றி" என்று அச்சிட்ட தடித்த செம்மஞ்சள் குழாய். வெள்ளைக் குழாய் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் உரியது. மஞ்சள் எரிவாயு. ரௌஸ் ஹில் பக்கம் வசிக்கும் நேயர்கள் ஊதா நிறக் குழாயை அறிவார்கள், அது சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் நீர்.

கையில் மிஞ்சிய எந்தக் குழாயும் வேலை செய்யுமே என்று சிலர் நினைப்பதுண்டு. மின்சாரம் அதற்குள்ளும் போகும்தான். ஆனால் நாளை தோண்டுகிறவர் வெள்ளைக் குழாயைக் கண்டால் தொலைபேசி வயர் என்று நினைத்து அலட்சியமாக வெட்டுவார். நிறம் அவரோடு பேசும் மொழி. இந்த மொழி நாட்டுக்கு நாடு மாறும். லண்டனில் மின்குழாய் பெரும்பாலும் கறுப்பாக அல்லது சிவப்பாக இருக்கும். அங்குள்ள உறவினர் சொன்னதை இங்கு அப்படியே செய்யவேண்டாம்.

குழாயில் இரண்டு வகை. ஒன்று 4 மீற்றர் நீளத்தில் வரும் நேரான விறைப்பான குழாய், பசை பூசி ஒன்றோடொன்று பொருத்துவது. மற்றது சுருளாக வரும் நெளிவுக் குழாய். சுருள் குழாய் மரவேரைச் சுற்றி வளைந்து போகும், மூட்டுகளும் குறைவு. ஆனால் உள்பக்கமும் நெளிவாக இருந்தால் கேபிள் இழுக்கும்போது உரசல் அதிகம். தரை சற்று ஏறி இறங்கினாலும் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். பாதை நேரானதென்றால் விறைப்பான குழாயே சிறந்தது. நெளிவுக் குழாய்தான் வேண்டுமென்றால், உள்பக்கம் வழுவழுப்பான இரட்டைச் சுவர் வகை கிடைக்குமா என்று கேளுங்கள்.

எவ்வளவு பெரிய குழாய்?

இனி எனக்குப் பிடித்த பகுதி, கணக்கு. குழாய்க்குள் கேபிளை நெருக்கித் திணிக்கக்கூடாது. விதிநூலின் வழிகாட்டலில், குழாயின் உட்பரப்பில் ஒரு கேபிள் மட்டுமென்றால் 50 சதவீதம் வரை அது நிரப்பலாம். இரண்டென்றால் மொத்தம் 33 சதவீதம். மூன்று அல்லது மேலென்றால் 40 சதவீதம். இரண்டுக்கு ஏன் குறைவு என்று கேட்பீர்கள். ஒரு வட்டத்துக்குள் இரண்டு வட்டங்களை அருகருகே வையுங்கள். மேலும் கீழும் நிறைய இடம் வெறுமையாக இருக்கும், ஆனால் அந்த இரண்டும் சுவரில் முட்டி நிற்கும்.

வெளிவிட்டம் 20 மில்லிமீற்றர் உள்ள ஒரு கேபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குப்பரப்பு சுமார் 314 சதுர மில்லிமீற்றர். 32 குழாய் என்றால் 32 என்பது வெளிவிட்டம். தடித்த சுவரைக் கழித்தால் உள்ளே சுமார் 27தான், பரப்பு 573. 314ஐ 573ஆல் வகுத்தால் 55 சதவீதம். போதாது. 40 குழாயின் உள்விட்டத்தைச் சுமார் 34 என்று எடுத்தால் பரப்பு 908, கேபிள் நிரப்புவது 35 சதவீதம். ஆகவே 40 குழாய். நானென்றால் 50 போடுங்கள் என்பேன். அதன் காரணத்தைச் செலவுப் பகுதியில் சொல்கிறேன்.

குழாயைத் தீர்மானிப்பது கேபிள், கேபிளைத் தீர்மானிப்பது சுமையும் தூரமும். கராஜில் கார் சார்ஜர் 7 கிலோவாற் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 32 அம்பியர் எடுக்கும், அதுவும் மணிக்கணக்காக. தூரம் 35 மீற்றர். மின்சாரம் போய்த் திரும்பவேண்டும், எனவே 70 மீற்றர் செம்பு. 6 சதுர மில்லிமீற்றர் கேபிளில் வழியிலேயே சுமார் 8 வோல்ற் இழப்பு, அதாவது 3.5 சதவீதம். 10 கேபிளில் சுமார் 4.8 வோல்ற், 2.1 சதவீதம். வீட்டின் மின்வழங்கல் முனையிலிருந்து கடைசிச் செருகி வரைக்குமான மொத்த இழப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. 6 கேபிள் அதில் பெரும்பங்கைத் தானே விழுங்கிவிடுகிறது.

இழந்த வோல்ற் வெப்பமாகப் போகிறது, அதற்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். 6 கேபிளில் இழப்பு சுமார் 257 வாற், 10 கேபிளில் 154. வித்தியாசம் 103 வாற். தினமும் மூன்று மணிநேரம் சார்ஜ் செய்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 113 யூனிற். உங்கள் கட்டணப் பட்டியலில் உள்ள யூனிற் விலையால் பெருக்கி, கேபிள் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கானும் ஆழமும்

தடித்த குழாய் வெறும் மண்ணுக்குக் கீழே என்றால் குறைந்தது 500 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கவேண்டும். வெளியே 75 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் தடிப்புள்ள கொங்கிறீற்றுத் தளத்தின் கீழ் என்றால் 300 போதும். ஆழம் அளப்பது குழாயின் மேற்புறத்திலிருந்து, கானின் அடியிலிருந்து அல்ல. அடியில் 50 மில்லிமீற்றர் மணல், அதன்மேல் 40 அல்லது 50 குழாய், மேலே 500. ஆகவே 600 மில்லிமீற்றர் வெட்டவேண்டும். 500 வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துத் திரும்பவும் வெட்டியவர்கள் பலர் என்று எலெக்ரீசியன்கள் சொன்னார்கள். பின்னால் நிலத்தைத் தாழ்த்தித் தோட்டம் அமைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சிட்னியின் மேற்குப் பகுதியில் களிமண் அதிகம், கட்டிடக் கழிவுக் கற்களும் அதோடு கலந்திருக்கும். குழாயின் அடியிலும் சுற்றியும் கல்லில்லாத மணல் போடவேண்டும். கூரிய கல் ஒன்று குழாயில் பட்டுக் கிடந்தால், மேலே கார் ஏறி இறங்க ஆண்டுகள் போகப்போக அது குழாயைக் குத்தும்.

பாதி மண் போட்டதும் எச்சரிக்கை நாடாவை விரிக்கவேண்டும். செம்மஞ்சள் நிறம், குறைந்தது 150 மில்லிமீற்றர் அகலம், கீழே மின்கேபிள் இருக்கிறது என்ற எழுத்து. அதைக் குழாயின் மேலேயே ஒட்டி வைப்பதில் பயனில்லை. குழாய்க்கும் தரைக்கும் நடுவில், ஏறத்தாழ 250 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கவேண்டும். தோண்டுகிறவரின் மண்வெட்டியில் முதலில் நாடா சிக்கும். குழாய் இன்னும் ஒரு சாண் கீழே இருக்கும். அந்த ஒரு சாண்தான் அவருக்குக் கிடைக்கும் அவகாசம்.

தண்ணீர், எரிவாயு, தொலைபேசிக் குழாய்களிலிருந்து குறைந்தது 100 மில்லிமீற்றர் தள்ளி இருக்கவேண்டும். பெரிய தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் என்றால் இடைவெளி இன்னும் கூடும். அதை எலெக்ரீசியன் சொல்வார். இணைய வயரை மின்குழாய்க்குள்ளேயே இழுத்துவிடலாமே என்று கேட்காதீர்கள். அதற்குத் தனி வெள்ளைக் குழாய், அதே கானில் இடைவெளி விட்டுப் போடலாம்.

வளைவும் இழுப்பும்

குழாய் எத்தனை முறை திரும்புகிறதோ அத்தனை மடங்கு கேபிள் இழுப்பது கடினமாகும். சுவர் மூலையில் போடும் சின்ன முழங்கை வளைவு மண்ணுக்குள் ஆகாது. ஆரம் பெரிய, நீண்ட வளைவுகளே வேண்டும். இரண்டு செங்கோணத் திருப்பங்களுக்கு மேல் வந்தால் நடுவில் ஓர் இழுப்புக்குழி வைப்பது நல்ல வழக்கம். குழாயை வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் அது கத்தி மாதிரிக் கேபிளின் உறையைக் கிழிக்கும். அரத்தால் மழிக்கவேண்டும். பசையைச் சுற்றிவரப் பூசி முழுதாகச் செருகவேண்டும். மூட்டுக்குள் மண் போகக்கூடாது.

குழாய் பொருத்தும்போதே உள்ளே ஒரு நைலோன் கயிறு போகவேண்டும். கேபிளை அந்தக் கயிற்றில் கட்டி, அதற்கென்றுள்ள வழுக்குப் பசை பூசி, ஒருவர் ஒரு முனையில் தள்ள மற்றவர் மறுமுனையில் இழுக்கவேண்டும். சமையல் எண்ணெயோ கிறீஸோ பூசவேண்டாம், உறையைக் கெடுக்கலாம். கேபிளோடு இன்னொரு கயிறும் சேர்ந்து போகட்டும், அடுத்த முறைக்கு.

எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் காலப்போக்கில் குழாய்க்குள் ஈரம் வரும். வெளிக்காற்றின் ஈரமே உள்ளே நீராகும். ஆகவே குழாய் இருக்கிறதே என்று சாதாரண வீட்டு வயரை உள்ளே இழுக்கக்கூடாது. ஈரத்தைத் தாங்கும் உறையுள்ள கேபிள் வேண்டும். குழாயின் இரண்டு முனைகளையும் அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் மின்பெட்டிக்குள் வடியும், எறும்பும் எலியும் குடியேறும். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் இடத்தில் குழாயில் நேரே வெயில் படும், வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அந்த இடத்தில் நீண்டு சுருங்க இடம் தரும் பொருத்தி ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

வெப்பம் என்ற மறைந்த செலவு

மின்சாரம் ஓடும் கேபிள் சூடாகும். சூடு வெளியே போகவேண்டும். குழாய்க்குள் கேபிளைச் சுற்றிக் காற்று இருப்பதால், நேரே மண்ணில் புதைத்த கேபிளை விடக் குழாய்க்குள் உள்ளது குறைந்த மின்னோட்டத்தையே பாதுகாப்பாகத் தாங்கும். இரண்டு சுமையேறிய கேபிள்கள் அருகருகே இருந்தால் இன்னும் குறையும். எலெக்ரீசியன் ஒரு படி தடித்த கேபிளைச் சொன்னால், விலையைக் கூட்டத்தான் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

இதை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அயலில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1998 சனவரி, பெப்ரவரி மாதங்களில் நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகர மையத்துக்குப் போன நான்கு பிரதான நிலக்கீழ் கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. சுமார் 5 வாரங்கள் அந்த நகர மையம் சீரான மின்சாரமில்லாமல் திண்டாடியது. கடைகள் மூடின, அலுவலகங்கள் இடம்மாறின. கேபிளைச் சுற்றியிருந்த மண், கணக்கிட்ட அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றவில்லை என்பது பின்னர் ஆராயப்பட்ட காரணங்களில் ஒன்று. அவை 110,000 வோல்ற் கேபிள்கள், நம் வளவுக் கேபிளோடு ஒப்பிட முடியாது. ஆனால் சூடு வெளியேற வழியில்லாத கேபிள் சிறிதானாலும் பெரிதானாலும் காலத்துக்கு முன் கெடும்.

செலவை எப்படிப் பார்ப்பது?

அந்த மண்டபத்தின் மூன்று விலைமனுக்களுக்குத் திரும்புகிறேன். மலிவானதில் குழாயின் தரமோ அளவோ எழுதப்படவில்லை, நாடா பற்றிப் பேச்சே இல்லை, கான் ஆழம் "தேவைக்கேற்ப" என்றிருந்தது. நடுத்தர விலைக்காரர் எல்லாவற்றையும் எண்ணோடு எழுதியிருந்தார். அவருக்கே வேலையைக் கொடுத்தோம். மூன்றிலும் நான் கவனித்தது, குழாயின் விலை மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. பணம் போவது கான் வெட்டுவதிலும், மூடுவதிலும், மேலே இருந்த தளக்கற்களைத் திரும்பப் பதிப்பதிலும்தான்.

அதனால்தான் 40 போதுமான இடத்தில் 50 போடுங்கள் என்கிறேன். கூடவே அதே கானில் ஒரு வெறுங்குழாயையும் உள்ளே கயிறு விட்டு, முனைகளை மூடி வையுங்கள். இன்று பெற்றோருக்கு இரண்டு விளக்கும் ஓர் அடுப்பும் போதும். நாளை குளிரூட்டி வரும், கார் சார்ஜர் வரும், கூரைச் சூரியத்தகடு வரும். கான் திறந்திருக்கும் அந்த ஒரு நாளில் கூடுதல் குழாய் சில பத்து டொலர்தான். மூடிய பிறகு அதே குழாய்க்கு முழுக் கானின் விலை.

வாடகைக்குக் கொடுக்கும் கிரானி ஃபிளற் என்றால் ஒரு வரிக் குறிப்பு. புதிதாகப் போடும் இந்த வயரிங் வேலை பழுதுபார்ப்புச் செலவு அல்ல, அந்த ஆண்டே முழுதாகக் கழிக்க முடியாது. கட்டட மூலதன வேலையாக ஆண்டுக்கு 2.5 சதவீதம் வீதம் 40 ஆண்டுகளுக்குக் கழிக்கலாம். 4,000 டொலர் செலவென்றால் ஆண்டுக்கு 100. பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். வரித் திணைக்களமே இதை 40 ஆண்டு வாழும் பொருளாகக் கணக்கிடுகிறது என்றால், நாமும் 40 ஆண்டு வாழும்படிதானே அதைப் போடவேண்டும்?

கடைசியாக ஒரு வரைபடம்

கானை மூடுமுன் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு ஒரு தாளில் வீட்டை வரைந்து, சுவர் மூலையிலிருந்து எத்தனை மீற்றர், வேலியிலிருந்து எத்தனை மீற்றர், ஆழம் எவ்வளவு, எங்கே திரும்புகிறது, எந்தத் திகதியில் போட்டது என்று எழுதுங்கள். ஒரு பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு மின்பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். இன்னொன்றைச் சான்றிதழோடு வையுங்கள். தமிழில் மட்டும் எழுதிவிடாதீர்கள், வேலி போட வருபவர் படிக்கவேண்டும்.

எலெக்ரீசியனிடம் விலைமனு கேட்கும்போது இந்த ஏழையும் எழுத்தில் கேளுங்கள்: உரிம இலக்கம், கேபிளின் அளவு, குழாயின் அளவும் தரமும், கானின் ஆழம், எச்சரிக்கை நாடா, வெறுங்குழாய், இணக்கச் சான்றிதழ். ஏழுக்கும் பதில் எழுதித் தருபவரின் விலை சற்றுக் கூடினாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது. பதில் இல்லாத விலைமனு எவ்வளவு மலிவானாலும் அதில் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரியாது.

மேலும் கேள்விகள் இருந்தால் வழமைபோல் புதன்கிழமை இரவு அழையுங்கள். எலெக்ரீசியன் நண்பர்களில் ஒருவரை மீண்டும் கலையகத்துக்கு வரும்படி கேட்டிருக்கிறேன். அதுவரை, தோண்டுவதற்கு முன் 1100.